வாசகர் கேள்வி – பதில்: கச்சேரித் திடலில் ஒரு மருத்துவக் கூடாரம்

சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நடக்கும் பெரிய இசை நிகழ்ச்சிகளில் மருத்துவத் தொண்டராகப் பணிபுரிவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர். கூடாரத்துக்கு வந்தவர்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதால், நான் நேரில் கண்டவற்றைச் சொல்லும்போது எந்த அரங்கம், எந்த ஆண்டு என்று குறிப்பிடவில்லை.

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் மேற்படிப்புப் படிக்கிறாள். ஏதோ ‘ஜாம் பேண்ட்’ கச்சேரியில் மருத்துவ உதவிக் குழுவில் தொண்டராகச் சேரப் போகிறாளாம். அது என்ன இசை? போதைப் பொருள் புழங்கும் இடம் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனம் பதறுகிறது. அவளைப் போக விடலாமா? — ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் பதற்றத்தில் தவறே இல்லை, அம்மா. என் தாயாரும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

எழுதி வைத்த பாட்டை எழுதியபடியே வாசித்து முடிக்காமல், ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு அந்தக் கணத்திலேயே வளர்த்து, ஒரே பாட்டை இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று விரித்துக்கொண்டு போகும் ராக் இசைக்குழுக்களை ஜாம் பேண்ட் என்கிறார்கள். கச்சேரியில் ராக ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு அந்த மனோதர்மத்தின் சுவையை விளக்க வேண்டியதில்லை. இந்த மரபின் மூலவர்கள் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 1965-இல் தொடங்கிய ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவினர். அதன் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995-இல் மறைந்த பிறகும் மற்ற உறுப்பினர்கள் வெவ்வேறு பெயர்களில் அந்தப் பாட்டுகளை வாசித்து வந்திருக்கிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் 1983-இல் பிறந்த ‘ஃபிஷ்’ அடுத்த தலைமுறையின் பெரிய குழு. நேற்று வாசித்த வரிசையை இன்று வாசிக்க மாட்டார்கள் என்பதால், ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து போவார்கள். கச்சேரி தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே வாகன நிறுத்துமிடத்தில் சட்டை விற்பவர்களும் ரொட்டி சுடுபவர்களுமாக ஒரு சந்தையே கூடிவிடும். ஆகவே இரவு ஏழு மணிக்கு நிகழ்ச்சி என்றால், கூட்டத்தில் பாதிப் பேர் நண்பகலிலிருந்தே வெயிலில் நின்றவர்களாக இருப்பார்கள்.

போதைப் பொருள் புழங்குகிறதா என்றால், புழங்குகிறது. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் இந்த மருத்துவக் குழுக்கள் பிறந்ததே அதனால்தான். சான்பிரான்சிஸ்கோவின் ஹைட் ஆஷ்பரி பகுதியில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்து குவிந்த 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டேவிட் ஸ்மித் என்ற இளம் மருத்துவர் அங்கே ஓர் இலவச மருத்துவமனையைத் திறந்தார். மருத்துவம் என்பது உரிமை, சலுகை அன்று என்பது அதன் கொள்கை. வேறு இடங்களில் வசையும் போலீஸ் மிரட்டலும் வாங்கிய பிள்ளைகள் அங்கே தயங்காமல் வந்தார்கள். 1973-இல் கேசார் ஸ்டேடியத்தில் கிரேட்ஃபுல் டெட், லெட் செப்பலின் ஆகிய குழுக்களின் பெரிய கச்சேரிகளை நடத்திய பில் கிரஹாம் அந்த மருத்துவமனையின் உதவியைக் கேட்க, அதிலிருந்து ‘ராக் மெடிசின்’ என்ற தொண்டர் அமைப்பு உருவானது. கச்சேரிக்குள்ளேயே கூடாரம் போட்டு, கட்டணமும் விசாரணையும் இல்லாமல் மருத்துவம் பார்க்கும் முறைக்கு அது முன்மாதிரியாயிற்று.

கூடாரத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது நீங்கள் அஞ்சும் பிரச்சினை அன்று. காலில் கொப்புளம், கணுக்கால் சுளுக்கு, தலைவலி, வெயில் மயக்கம், தேனீக் கடி, இரத்த அழுத்த மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவரின் படபடப்பு, இவைதாம் அதிகம். இந்த இசையின் பழைய ரசிகர்கள் இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள் என்பதால், நெஞ்சுவலியை நாங்கள் ஒருபோதும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

மகளைத் தடுக்க வேண்டாம். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். குழுவில் மருத்துவர் ஒருவர் நிகழ்ச்சி முடியும்வரை இருக்கிறாரா? புதியவரை அனுபவசாலி ஒருவரோடு இணைத்து அனுப்புகிறார்களா? நள்ளிரவில் அறைக்குத் திரும்ப வழி என்ன? இன்னொன்றும் உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர் எனில், ஊதியமில்லாத் தொண்டானாலும் சேர்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நான் கணினித் துறை மாணவன்; மருத்துவம் எதுவும் தெரியாது. இதயம் நின்றால் செய்யும் முதலுதவிப் பயிற்சி மட்டும் முடித்திருக்கிறேன். என்னைப் போன்றவருக்கு அங்கே என்ன வேலை? — வாசகர், சான் ஹோசே

பதில்: அந்தப் பயிற்சியே நல்ல தொடக்கம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது எத்தனை மதிப்புடையது என்பது அது தேவைப்படும் நிமிடத்தில்தான் புரியும். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது, கூட்டத்தில் சுற்றி வந்து ஓரமாகச் சுருண்டு கிடப்பவரைக் கண்டு சொல்வது என்று வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மருத்துவம் படிக்காதவர்கள் மிகச் சிறப்பாகச் செய்யும் வேலை இன்னொன்று இருக்கிறது. அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

ஓர் இரவு இருபது வயதுப் பெண் ஒருத்தியைத் தோழிகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். மாயத்தோற்றங்களை உண்டாக்கும் எல்எஸ்டி என்ற போதைப் பொருளை எடுத்திருந்தாள். உடல் வெப்பத்தையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மருத்துவர் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அவளுக்கு இருந்தது பயம் மட்டுமே, ஆனால் அந்தப் பயம் மலையளவு இருந்தது. விளக்கு மங்கலாக இருந்த மூலையில் அவளைப் படுக்க வைத்தோம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற தொண்டர் ஒருவர், ஒரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அவள் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி தாழ உட்கார்ந்தார். “நான் செத்துவிட்டேனா?” என்று அவள் கேட்டாள். “இல்லை. நீ மருத்துவக் கூடாரத்தில் இருக்கிறாய். நீ எடுத்துக்கொண்டது உடம்பை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் இங்கேயேதான் இருப்பேன்” என்றார். ஐந்து நிமிடத்தில் அவள் அதையே மறுபடி கேட்டாள். அதே குரலில், அதே நிதானத்தில், அதே பதிலைச் சொன்னார். அப்படி எத்தனை முறை என்று எண்ண முடியவில்லை. இடையில் அவள் போர்வையின் கட்டங்களை எண்ணத் தொடங்கியபோது அவரும் சேர்ந்து எண்ணினார். அவள் கையை நீட்டிய பிறகே கையைப் பிடித்தார். அதுவரை அவளைத் தொடவில்லை. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அவள் தலையைத் திருப்பி, “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டாள். எதிரில் இருப்பவரைப் பற்றி ஒருவர் கேட்கத் தொடங்கிவிட்டால் கரை தெரிகிறது என்று பொருள்.

எல்எஸ்டியின் வேகம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும் என்பதால், அவசரப்படுபவருக்கு இந்த வேலை ஒத்து வராது. வாதிடக் கூடாது, “நீ காண்பது பொய்” என்று சொல்லக் கூடாது, நான்கு பேர் சூழ்ந்து நிற்கக் கூடாது. அதே சமயம், உடம்பு அனலாகக் கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு மாறினாலோ, நெஞ்சு வலிக்கிறது என்றாலோ, அது உட்கார்ந்து பேசும் நேரம் அன்று என்பதை உணர்ந்து அந்த நொடியே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இந்தப் பக்கத்துணை முறைக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய வுட்ஸ்டாக் விழாவில், ‘ஹாக் ஃபார்ம்’ என்ற கூட்டு வாழ்க்கைக் குழுவினர் நடத்திய கூடாரத்தில், பயம் தெளிந்து எழுந்தவரையே அடுத்து வருபவருக்குத் துணையாக உட்கார வைத்தார்கள். சற்று முன் அதே இடத்தில் கிடந்தவரை விட அந்தப் பயத்தை அறிந்தவர் வேறு யார்?

கேள்வி: இந்தியாவில் எம்பிபிஎஸ் முடித்தவள், இங்கே உரிமம் இன்னும் பெறவில்லை. மருத்துவராகத் தொண்டு செய்யலாமா? — வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: செய்யக் கூடாது. மாநில உரிமம் இல்லாமல் நோயறிவதும் மருந்து கொடுப்பதும் தொண்டானாலும் குற்றமே. முதலுதவித் தொண்டராகச் சேருங்கள். உங்கள் படிப்பைக் குழுத்தலைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கை துறுதுறுக்கும் என்பதை அறிவேன். ஆனால் பார்த்ததைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது உரிமம் பெற்ற மருத்துவருக்குப் பெரிய பலம்.

கேள்வி: ‘நார்கான்’ என்ற மருந்தைத் தொண்டர்கள் எல்லோரும் வைத்திருப்பார்களாமே? தவறான ஆளுக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? — வாசகர், சன்னிவேல்

பதில்: நாலாக்சோன் என்ற மருந்தின் வணிகப் பெயர்களில் ஒன்று அது. ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள்கள் மூளையின் மூச்சுக் கட்டளையை அடக்கிவிடும்போது, இது அவற்றை அந்த இடத்திலிருந்து அகற்றி மூச்சைத் திருப்பிக் கொடுக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் விற்க 2023 மார்ச்சில் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. வேறு ஏதோ ஒரு பொருள் என்று நம்பி வாங்கிய மாத்திரையிலும் பொடியிலும் ஃபென்டனில் கலந்திருக்கக்கூடும் என்பதால், “அவன் அந்த வகை எதையும் தொடவில்லை” என்று நண்பர்கள் சொல்வதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

தோளைத் தட்டினாலும் மார்பெலும்பை விரல் முட்டியால் தேய்த்தாலும் எழாதவர், மூச்சு விட்டு விட்டு வருபவர் அல்லது குறட்டையும் களகளப்புமாக மூச்சு விடுபவர், கருமணி குண்டூசி முனை போலச் சுருங்கியவர், உதடு நீலம் பாய்ந்தவர் ஆகியோரைக் கண்டால் முதலில் ஆளைக் கூப்பிடுங்கள், பிறகு ஒரு மூக்குத் துளையில் ஒரு முறை செலுத்துங்கள். நம்மைப் போன்ற கருநிறத்தவருக்கு உதட்டில் நீலம் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் இருக்கும், நகக்கண்ணையும் ஈறையும் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் மறு துளையில் இன்னொன்று. இடையில் செயற்கை மூச்சுக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. மதுவாலோ வேறு காரணத்தாலோ மயங்கியவருக்குக் கொடுத்துவிட்டால் பயன் இராது, பெருங்கேடும் இராது. ஆகவே தயங்க வேண்டாம்.

புதியவர்கள் தவறுவது இதற்குப் பிறகுதான். எழுந்து உட்கார்ந்தவர், “எனக்கு ஒன்றுமில்லை, பாட்டுக் கேட்கப் போகிறேன்” என்பார். நாலாக்சோனின் வேகம் முப்பது முதல் தொண்ணூறு நிமிடத்தில் குறைந்துவிடும். உள்ளே போன போதைப் பொருள் அதைவிட நீண்ட நேரம் நிற்கக்கூடும். கூட்டத்தின் நடுவில் அவர் மீண்டும் மூச்சடங்கி விழுந்தால் கவனிக்க யாரும் இல்லை. கெஞ்சியாவது உட்கார வைக்க வேண்டும். போலீசுக்குப் பயந்து ஓடப் பார்ப்பவர்களிடம், அளவு மீறிய போதைக்கு உதவி கேட்பவரும் பாதிக்கப்பட்டவரும் சொந்த உபயோகத்துக்கான சிறு அளவு வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்படாதபடி கலிஃபோர்னியாவில் 2013 முதல் சட்டம் இருக்கிறது என்பதைச் சொல்லலாம்.

கேள்வி: தன் விருப்பத்தில் போதையைத் தேடிப் போகிறவனுக்குக் கூடாரம் போட்டுக் காத்திருப்பது அவனை ஊக்குவிப்பது ஆகாதா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், நானும் முதல் ஆண்டில் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

இந்த வகைக் கச்சேரிகளின் வாகன நிறுத்துமிடத்தில் இரண்டு வகை பலூன்கள் உண்டு. ஒன்று, போதைக்காக உறிஞ்சப்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை நிரப்பி விற்பது. இருட்டில் உருளையிலிருந்து வாயு சீறும் ஓசையைக் கேட்டதுமே எங்களுக்குத் தெரியும், இன்னும் கால் மணியில் நின்ற நிலையிலேயே சரிந்து பின்மண்டையில் அடிபட்ட ஒருவர் வருவார் என்று. அதைத் தொடர்ந்து உறிஞ்சுபவர்களின் உடலில் பி12 வைட்டமின் செயலிழந்து, கால் மரத்து, நடை தள்ளாடத் தொடங்கும். இன்னொன்று மஞ்சள் பலூன். போதையையும் மதுவையும் விட்டுவிட்ட ரசிகர்கள் ‘வார்ஃப் ராட்ஸ்’ என்ற பெயரில் கூடி, ஒரு மேசையில் மஞ்சள் பலூன் கட்டி வைத்திருப்பார்கள். இடைவேளையில் அங்கே கூட்டம் நடத்தி, ஒருவருக்கொருவர் துணை நிற்பார்கள். 1980-களில் கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களிடையே தொடங்கிய வழக்கம் இது. ஃபிஷ் ரசிகர்களிடமும் இதுபோன்ற ஒரு குழு இருக்கிறது.

முதல் பலூனிலிருந்து இரண்டாவது பலூனுக்குப் போன சிலரோடு நான் பேசியிருக்கிறேன். யாரும் தங்களுக்குக் கிடைத்த அறிவுரையைப் பற்றிப் பேசவில்லை. அசிங்கப்பட்டுக் கிடந்த ஓர் இரவில் முகம் சுளிக்காமல் வாந்தியைத் துடைத்துவிட்ட ஒருவரைப் பற்றித்தான் பேசினார்கள். திட்டுவார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் கூடாரத்துக்கு வரமாட்டார்கள்; நண்பனைக் காரின் பின்னிருக்கையில் படுக்க வைத்துவிட்டுக் கச்சேரிக்குப் போய்விடுவார்கள். அந்தப் பின்னிருக்கையில்தான் உயிர் போகிறது. அதனால்தான் கூடாரத்தின் வாசலில் நாங்கள் ஏன் என்று கேட்பதில்லை. என்ன எடுத்தாய், எவ்வளவு, எப்போது என்று மட்டும் கேட்கிறோம். பயமில்லாதவன் உண்மையைச் சொல்வான், உண்மை தெரிந்தால் மருத்துவர் சரியான சிகிச்சையைத் தருவார். ஊக்குவிப்பதாகத் தோன்றினால், தயவுசெய்து ஓர் இரவு வந்து பாருங்கள், ஐயா. அங்கே கிடப்பவர்களில் ஒருவர்கூட மகிழ்ச்சியாக இருக்கமாட்டார்.

கேள்வி: நீங்கள் தவறு செய்ததுண்டா? — வாசகி, மதுரை

பதில்: உண்டு. முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். சட்டையில் பீர் நாற்றம், பேச்சுக் குழறல், வியர்வை, அரைத் தூக்கம். நான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அட்டையில் ‘மது’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனேன். என்னைவிட மூத்த செவிலியர் ஒருவர் அவரது சட்டைக் கையை மேலே தள்ளினார். மேற்கையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய சர்க்கரை உணரி ஒட்டியிருந்தது. இடுப்பில் இன்சுலின் பம்பு. விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்து 38-இல் இருந்தது. வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் ஆடியிருக்கிறார். பீர் அவர்மேல் யாரோ சிந்தியது. மருத்துவர் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து, தன் மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். அன்றிலிருந்து குழறிப் பேசுபவர் யாராக இருந்தாலும், வாயில் என்ன மணம் வீசினாலும், சர்க்கரை பார்க்காமல் நான் அட்டையில் எதையும் எழுதுவதில்லை.

தண்ணீர் விஷயத்திலும் புதியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் புட்டி புட்டியாகத் தண்ணீர் கொடுப்பது நல்லதென்று தோன்றும். ஆனால் எம்டிஎம்ஏ என்ற போதைப் பொருளை எடுத்தவரின் உடல் நீரை வெளியேற்றாமல் தேக்கி வைத்துக்கொள்ளும். அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரும். வாய் வாயாகக் கொடுங்கள், உப்பு பிஸ்கட்டோடு கொடுங்கள். இதற்கு நேர்மாறாக, உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு மனம் குழம்பியவருக்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பனிக்கட்டி கலந்த நீரில் கழுத்துவரை இறக்கிக் குளிர்வித்துவிட்டு, பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும்.

கேள்வி: முதல் நாள் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? — வாசகர், சான் ஹோசே

பதில்: காதடைப்பான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபெல் ஒலியைக் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கக் கூடாது என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் அளவுகோல். விரல் மூடிய காலணி, சிறு டார்ச், இரவுக் குளிருக்கு ஒரு மேற்சட்டை, சாப்பாடு. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், கெடாது. கைப்பேசியை உள்பையில் வையுங்கள். கூடாரத்துக்குள் படம் எடுப்பது மன்னிக்கப்படாத குற்றம்.

கேள்வி: பாட்டுக் கேட்க முடியுமா? — மேற்படி வாசகர்

பதில்: முதல் பாதியில் முறை வைத்து அரை மணி நேரம் வெளியே போய்க் கேட்டுவிட்டு வரலாம். இடைவேளைக்குப் பிறகு அது நடக்காது. இரண்டாம் பாதியில்தான் நீண்ட வாசிப்புகள் வரும். எங்களுக்கும் அப்போதுதான் ஆள்கள் அதிகம் வருவார்கள். கூடாரத் துணியைத் தாண்டிக் கிட்டார் தெளிவாகக் கேட்காது, பாஸ் ஒலி மட்டும் கட்டிலின் இரும்புக்கால் வழியாக ஏறி உங்கள் முழங்கையில் அதிரும். மேடை விளக்கு அணைந்து, ஜனங்கள் கலைந்து, துப்புரவுக்காரர்கள் காகிதக் கோப்பைகளைக் கூட்டத் தொடங்கிய பிறகும் கடைசிக் கட்டிலில் ஒருவர் இருப்பார். அவர் எழுந்து தன் காலணியின் கயிற்றைத் தானே கட்டி, அவரை அழைத்துப் போக ஒரு நண்பர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாங்கள் கூடாரத்தைப் பிரிப்போம்.